நனைந்த தாதும் புறப்படாத கப்பலும்

மழையில் நனைந்த இரும்புத் தாதுவுக்கு ஒரு வாசனை உண்டு. துருப்பிடித்த வாளியை முகர்ந்தது போல... ஆனால் அதைவிடக் கனமாக.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் ஆபீஸ். கீழிருந்து வரும் பன் வாசனையோடு அந்த வாசனையும் கலந்தே இருக்கும். மூலையில் சாம்பிள் மூட்டைகள். சாயந்திரம் அனகாபுத்தூர் போய்ச் சேர்ந்தால், அம்மா என் துப்பட்டாவைப் பார்த்து, "நீ ஆபீஸுக்குப் போறியா, செங்கல் சூளைக்குப் போறியா?" என்பாள்.

என் முதல் வேலை அது. சுரங்கக்காரர்களிடம் தாது வாங்கி வெளிநாட்டுக்குக் கப்பலேற்றும் சின்னக் கம்பெனி. முதலாளி ஜெபராஜ் சார். பங்குதாரர் அவர் மனைவியின் தம்பி வின்சென்ட். கப்பல் காகிதங்கள் என் பொறுப்பு.

அந்த வருஷம் ஐப்பசி மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. துறைமுக யார்டில் எங்கள் தாது திறந்தவெளியில் குன்று போலக் கிடந்தது. ஈரம் சரியான அளவில் இருக்கிறது என்று லேப் ரிப்போர்ட் இருந்தது. ஆனால் அது மழைக்கு முன்னால் எடுத்தது. மாதக் கடைசிக்குள் கப்பல் கிளம்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். தார்ப்பாய் போட்டு மூடி, மழை விட்டபோதெல்லாம் ஏற்றினோம்.

ஏற்றி முடித்ததும் கேப்டன், கிளம்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சாரும் வின்சென்ட்டும் கப்பலுக்குப் போனார்கள். காகிதக் கட்டோடு நானும் போனேன்.

கேப்டன் தூத்துக்குடிக்காரர். அதிகம் பேசவில்லை. ஒரு பால் பவுடர் டின்னில் பாதிவரை எங்கள் தாதுவை அள்ளினார். மேல்தளத்து இரும்புத் தரையில் திரும்பத் திரும்பத் தட்டினார். பிறகு சாரிடம் நீட்டினார்.

அள்ளும்போது உதிரி மண்ணாகத்தான் இருந்தது... இப்போது மேலே தண்ணீர் மினுங்கியது. சார் டின்னைச் சாய்த்ததும், மொத்தமும் கூழ் போல ஒரு பக்கமாக நகர்ந்தது.

"அலை அடிக்கிற அடியில உள்ள கிடக்கது பூரா இப்படி ஆயிரும் சார். ஒரு பக்கமா சாஞ்சிருச்சின்னா கப்பல் நிமிராது. இருபது பேரு இருக்கோம்."

வின்சென்ட் விடவில்லை. "ரிப்போர்ட்ல எல்லாம் கரெக்டா இருக்கே கேப்டன். மழையில எத்தனை கப்பல் போவுது..."

சார் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறக்கிடலாம்" என்றார்.

"மாமா, இறக்கினா நாம முடிஞ்சோம்."

"தெரியும்."

திரும்பி வரும்போது காரில் வைப்பர் சத்தம் மட்டும்தான்.

இறக்கிக் காயவைப்பதற்குள் கெடு தாண்டிவிட்டது. வாங்க வேண்டியவர்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்து வழக்குப் போட்டார்கள். மழையைக் காரணம் சொல்ல முடியவில்லை. மழைக்காலம் என்று தெரிந்துதானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டார்கள். அதுவும் நியாயம்தான்.

எங்கள் வக்கீல் ஒரு வழி சொன்னார். "சரக்கு காஞ்சிதான் இருந்துச்சு, கேப்டன் வீணா மறுத்துட்டார்னு சொல்லிடுங்க சார். ரிப்போர்ட் நம்ம பக்கம் இருக்கு. பழி கப்பல்காரங்க மேல போயிடும்."

"அந்த டின்ன நான் கையில வாங்கிப் பார்த்தேனே."

"அத யாரும் கேக்க மாட்டாங்க."

"கேக்காட்டியும் பார்த்தேன்ல, வக்கீல் சார்."

வக்கீல் பேனாவை மூடி வைத்தார்.

தோற்றோம். செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஆசையாகக் கட்டிய வீட்டை சார் விற்றார். வின்சென்ட் கிறிஸ்துமஸுக்குக்கூட அக்கா வீட்டுப் படி ஏறவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆபீஸைப் பூட்டிய அன்று சார் எங்களிடம் ஸாரி சொன்னார். எதற்குச் சொன்னார் என்று எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

போன மாதம் கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க வெளுத்திருந்தது. கையில் கீரைக்கட்டு. ஸ்டேஷன் பக்கம் வாடகை வீடாம். டீ குடித்தோம். பல வருஷமாக உள்ளே கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"சார், அந்தக் கப்பல் கிளம்பியிருந்தா ஒண்ணும் ஆகாமகூடப் போயிருக்கலாம் இல்ல?"

"போயிருக்கலாம்மா. நானும் அத நெனைக்காத நாள் இல்ல."

டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஆனா அத தெரிஞ்சிக்கணும்னா, அந்த இருபது பேர வச்சு அனுப்பித்தான் பார்த்திருக்கணும்."

இன்றும் என் வேலை கப்பல்தான். ஆனால் துறைமுகத்துக்குப் போயே வருஷங்கள் ஆகின்றன. பெருங்களத்தூரில் ஏசி ஆபீஸ். ஸ்கிரீனில் கப்பல்கள் சின்னப் புள்ளிகளாக நகரும்... துணியில் தூசி ஒட்டாத வேலை.

சாரைப் பார்த்த மறுநாள், ஒரு புள்ளியைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட் கார்த்திக், "என்ன மேடம், டிலேவா?" என்றான்.

"இல்லப்பா. போய்க்கிட்டுதான் இருக்கு" என்றேன்.