முழங்காலுக்கு மேல் கட்டிய துண்டு

இன்று காலை தஞ்சாவூர் பஸ்ஸில் டிரைவர் திடீரென்று பிரேக் அடித்தார். அறுப்புக்குக் கிளம்பிய ஒருவர் மடியில் சாக்குப்பை வைத்திருந்தார். அதற்குள் இருந்த அரிவாள் முனை பையைக் கிழித்துக்கொண்டு அவர் தொடையின் முன்பக்கத்தில் இறங்கிவிட்டது.

வேட்டி நொடியில் சிவந்தது.

பக்கத்து சீட்டுக்காரர் தன் துண்டை முழங்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டினார். வரப்பில் பாம்பு கடித்தால் அங்கேதான் கட்டுவார்கள். கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது.

காயமோ கட்டுக்கு மேலே.

நான் நர்ஸ். தொடைக்கு ரத்தம் மேலிருந்து வருகிறது. அந்தப் பெரிய ரத்தக்குழாய் தொடை இடுக்கின் மடிப்பில் தோலை ஒட்டி ஓடும். கீழே போனால் தசைக்குள் மறைந்துவிடும்.

அவரைப் படுக்கவைத்து, ஒரு கையால் காயத்தைத் துணியோடு அழுத்தினேன். இன்னொரு கையை அந்த மடிப்புக்குக் கொண்டுபோனேன். தடுத்துவிட்டார்.

“அங்கெல்லாம் வேணாம்மா. ஆம்பள யாராச்சும் வரட்டும்.”

அதற்குள் துணி நனைந்துவிட்டது.

முன்னால் பெண்கள் சீட்டில் இருந்த அவர் மனைவி ஓடிவந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “அவரு கெடக்காரு. நீங்க அமுக்குங்க.”

அமுக்கினேன். என் முஷ்டிக்கு அடியில் நாடி துடித்தது. ரத்தம் குறைந்தது. பஸ் ஆஸ்பத்திரி வாசலில்தான் நின்றது.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என்னைக் கூப்பிட்டார். பிழைப்பேனா என்று கேட்கப்போகிறார் என நினைத்தேன்.

“நீங்க கை வச்சத ஊர்ல சொல்லிராதீங்கம்மா.”

தையல் போட்டாயிற்று, நன்றாக இருக்கிறார் என்று மதியம் அவர் மனைவி போன் செய்தார்.

சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருப்பதால் ஊர்ப் பெயரை எழுதவில்லை. அந்த பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து கமெண்டில் எழுதிவைக்காதீர்கள்.