தையல் மிஷினைத் தேடி வந்த போலீஸ்

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் தங்காக்குக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பலகை வீட்டில் குடியிருந்தோம். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. என் கணவர் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ரப்பரை வாங்க ஆளில்லாமல் தோட்டத்தில் மரவள்ளி நட்டுவிட்டார்கள். அவர் மரவள்ளிக்குக் கிராணியாகத் தொடர்ந்தார். எங்களோடு இருந்தவர் அவருடைய அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கிறிஸ்தவப் பள்ளி ஆசிரியை. போன வாரம் தனக்குச் சொல்லிக்கொடுத்த ஜப்பான் பாஷையை இந்த வாரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அப்போது அவருக்கு வேலை.

கடைகளில் துணி கிடையாது. என்னிடம் சீதனமாக வந்த கைமிஷின் ஒன்று இருந்தது. திரைச்சீலையைச் சட்டையாக்குவேன், சாக்கைக் கால்சட்டையாக்குவேன். கூலியாக மரவள்ளியோ முட்டையோ வரும். ஆகவே எங்கள் வீட்டில் மிஷின் இருப்பது ஊருக்கே தெரியும்.

போலீஸ் வேஷத்தில் சிலர் வீடு புகுந்து திருடுவதாகப் பேச்சு வந்ததும் என் கணவர் கதவுக்குக் கனமான குறுக்குக்கட்டை செய்து போட்டார்.

“போலீஸ்னு சொன்னா திறக்காதீங்க. ஆனா நெஜப் போலீஸா இருந்தா ஒடனே திறந்துடணும், இல்லன்னா அடிப்பாங்க” என்றார்.

“எப்படிங்க தெரிஞ்சுக்கிறது?”

“திறந்து பாத்தாதான் தெரியும்.” நன்றாக யோசித்துத்தான் சொன்னார்.

ஒரு மத்தியானம் வந்தார்கள். மூன்று பேர், காக்கி உடை, கையில் வெள்ளைப் பட்டை. அதிலிருந்த சிவப்பு வட்டம் வேர்வையில் கலங்கி முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. அண்ணி அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்திருந்தார்; கதவுக்கு இன்னும் கட்டை போடவில்லை. இருவரும் குனிந்து வணங்கினோம். அந்நாளில் காக்கியைக் கண்டாலே இடுப்பு தானாக வளையும்.

தலைவன் ஒல்லியான தமிழன். “ரேடியோ ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு ரிப்போர்ட் வந்திருக்கு.”

“எங்ககிட்ட ரேடியோ இல்லீங்க” என்றார் அண்ணி.

ரேடியோ தேட வந்தவன் கட்டிலடியையோ பரணையோ பார்க்கவில்லை. நேராக மிஷினிடம் போய் மேலிருந்த துணியை விலக்கினான். “இது என்னா?”

“தையல் மிஷின்” என்றேன்.

“சக்கரம் இருக்கு. சுத்தினா டக்கு டக்குனு சத்தம் வருது. இதுல எதிரிக்குத் தந்தி அனுப்பலாம். ஸ்டேசனுக்குக் கொண்டு போகணும்.”

அவன் சொன்ன தோரணையில், தெரியாமல் நான் ஏதாவது அனுப்பிவிட்டேனோ என்றுகூட ஒரு கணம் பயந்தேன். மற்ற இருவரும் மிஷினைத் தூக்கினார்கள்.

அண்ணி நிமிர்ந்தார். வகுப்பறையை அடக்கும் குரலில், “கியோட்ஸ்கே” என்றார். நேராக நில் என்று அர்த்தம். பள்ளிக்கு எதிர்த்திடலில் போலீஸ்காரர்கள் தினமும் காலையில் அந்தச் சொல்லுக்குத்தான் விறைப்பார்கள். தூக்கத்தில் சொன்னாலும் விறைப்பார்கள்.

“என்னா சொல்லுது?” என்றான் ஒருவன்.

“தெரியலலா” என்றான் தலைவன்.

“ரெய்” என்றார் அண்ணி. வணங்கு என்று அர்த்தம். யாரும் வணங்கவில்லை.

“இந்த ரெண்டு வார்த்தை தெரியாத போலீஸை இந்த ஊர்ல நான் பாத்ததில்ல” என்று அண்ணி தமிழுக்கு வந்தார். “பக்கத்து வீட்டுல ஜப்பான் ஆபீசர் ஒருத்தர் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. கூப்பிடட்டுமா?”

பக்கத்து வீட்டில் அந்நேரம் சீக்கு வந்த ஓர் ஆடுதான் இருந்தது. அவர்கள் மிஷினைப் பூப்போல இறக்கி வைத்தார்கள். “நாளைக்கு ஆர்டரோட வர்றோம்” என்று சொல்லிவிட்டு நடந்தவர்கள், வாசல் தாண்டியதும் ஓடினார்கள். அண்ணி தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

என் கணவர் சட்டத்தை மதிப்பவர். ஸ்டேசனுக்குப் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டு வந்தார். தந்தி விஷயத்தையும் சேர்த்துத்தான்.

மறுநாள் கதவு தட்டப்பட்டது. அண்ணி உள்ளிருந்தபடியே “கியோட்ஸ்கே” என்றார். வெளியே பூட்ஸ்கள் ஒன்றாக மோதிக்கொண்டன. “நெஜப் போலீஸ்தான்” என்று நிம்மதியாகக் கட்டையை எடுத்தார். அவர்கள் மரியாதையாக வணங்கிவிட்டு, பரிசோதனைக்கு என்று மிஷினைத் தூக்கிப் போனார்கள்.

தந்தி எதுவும் அகப்படவில்லை போலிருக்கிறது. சில வாரம் கழித்து, நூல் அறுந்து அறுந்து போகிறது, வந்து பார் என்று எனக்கு ஆள் அனுப்பினார்கள். அதன் பிறகு வாரந்தோறும் ஸ்டேசனில் உட்கார்ந்து அவர்களுடைய கிழிந்த கால்சட்டைகளைத் தைத்தேன். கொஞ்சம் அரிசி தந்தார்கள். என் கணவருக்குத் திருப்தி. “மிஷின் இப்பதான் பத்திரமா இருக்கு. ஸ்டேசன்ல பூந்து எவன் திருடுவான்?” என்றார்.

ஜப்பான்காரன் தோற்றான் என்ற செய்தி வந்த பின் ஒரு காலை, அண்ணியும் நானும் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போனோம். உள்ளே யாருமில்லை. மிஷின் மேசைக்கடியில் கிடந்தது. வெளியே கொண்டுவரும்போது, புதுவிதமான கைப்பட்டை கட்டிய ஒருவன் வழிமறித்து, இனிமேல் தாங்கள்தான் போலீஸ் என்றான். மிஷின் எங்களுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டான்.

இவனுக்கு எந்தப் பாஷையில் சொல்வது என்று அண்ணிக்குத் தெரியவில்லை. அவன் சட்டைப்பை கிழிந்து தொங்கியதைப் பார்த்தேன். சட்டையைக் கழற்றித் தரச் சொல்லி, படிக்கட்டிலேயே மிஷினை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பையில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, போகலாம் என்றான்.

மிஷினைச் சைக்கிள் கேரியரில் கட்டினோம். அண்ணி பின்னால் பிடித்துக்கொள்ள நான் தள்ளிக்கொண்டு, மழை வருவதற்குள் வீடு வந்து சேர்ந்தோம்.