வெளுத்த பிளக்கும் தங்கச்சியின் கலியாணமும்

என் தங்கை கலியாணத்துக்குத் தலையாட்டியது ஒரே நிபந்தனையோடு. "ட்ரக்டர் பெட்டியில ஏறமாட்டன் அக்கா. இடம்பெயரேக்கை சட்டி பானை, ஆட்டுக்குட்டியோட அதில நனைஞ்சு வந்தது காணும். கோயிலுக்கு உங்கட காரிலதான் போவன்." நானும் பெரிய மனிசியாட்டம் ஓமென்றுவிட்டேன்.

எங்கள் கார் எங்களைவிட மூத்தது. பெற்றோல் கிடையாத சண்டைக் காலம். எண்ணெயையும் காற்றையும் கலக்கிற கார்பரேற்றர் வாய்க்குள் நாலைந்து துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். கலியாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் அது குளக்கட்டு ஏற்றத்தில் செருமத் தொடங்கியது. மிதித்தால் பட் பட்டென்று வெடிக்கும், இழுவை இல்லை. என் மனிசன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மண்ணெண்ணெயில தண்ணி கலந்துபோட்டாங்கள்."

அந்த நாட்களில் காருக்கு என்ன வந்தாலும் பழி மண்ணெண்ணெய்க்குத்தான். ரயர் காற்றுப் போனால்கூட அதைத்தான் திட்டுவார்கள். மனிசன் என் சேலைத் துண்டில் எண்ணெயை வடித்தார், திரும்பவும் வடித்தார். கார் செருமியது. எனக்கு விசர் பிடித்தது.

எஞ்சினுக்குள் தீப்பொறி போடுகிற பிளக்கைக் கழற்றித் துடைக்கப் போனார். எட்டிப் பார்த்தேன். நுனி சாம்பல் பூசியதுபோல வெள்ளை.

"இஞ்சருங்கோ, என்ரை குப்பிவிளக்கு குசினிச் சுவரெல்லாம் கரியாக்குது. அதே எண்ணெய்தானே? இது ஏன் வெளுத்துக் கிடக்கு?"

மனிசன் பிளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கரி பிடிக்கேல்லையெண்டா எஞ்சினுக்கு எண்ணெய் காணாது. காத்துக் கூடிப்போச்சு."

எஞ்சினை ஓடவிட்டு, காற்றை மறிக்கிற சோக்கை இழுத்தார். செருமல் அடங்கியது. அப்படியென்றால் எங்கேயோ கள்ளக் காற்று புகுகிறது. அது புகுகிற இடத்தைத் துளி விட்டுப் பார்த்துப் பிடிக்கப் பெற்றோல் போத்தலைத் தூக்கினார். பாய்ந்து பறித்தேன்.

"ஐயோ கடவுளே! நாளைக்கு எதை விட்டு ஸ்ரார்ட் பண்ணுவியள்?"

தேங்காயெண்ணெயைக் கொடுத்தேன். கார்பரேற்றரின் அடியைச் சுற்றித் துளி துளியாக விட்டுக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் எண்ணெய் உள்ளே போனதும் எஞ்சின் சத்தம் சீரானது. கழற்றிப் பார்த்தால், அடியில் காற்றுப் புகாமல் இடைக்கு வைக்கிற காகித மட்டை வெடித்திருந்தது. தங்கை தன் கலியாணச் சேலைப் பெட்டியின் மட்டை மூடியைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதில வெட்டுங்கோ அத்தான்."

மறுநாள் கார் ஒரு செருமலும் இல்லாமல் குளக்கட்டில் ஏறியது. எனக்கு இருந்த சந்தோசத்தில் டாஷ்போர்டைத் தட்டிக் கொடுத்தேன். கோயில் கண்ணுக்குத் தெரிந்தபோது, பின் சீற்றிலிருந்து தங்கை முன்னுக்குச் சாய்ந்தாள்.

"அத்தான், ஒருக்கா வற்றாப்பளை ஊர்ப் பக்கத்தால சுத்திப் போவமே?"

நேரம் போகுதென்று நான் வாயைத் திறக்குமுன் மனிசன் ஸ்ரியறிங்கைத் திருப்பிவிட்டார். அவள் கண்ணாடியை முழுதாக இறக்கி, ரோட்டில் போன எல்லாருக்கும் கை காட்டினாள். தெரிந்தவர், தெரியாதவர் என்றில்லை. மணவறையில் மாப்பிள்ளை காத்துக்கொண்டிருந்தார். இருக்கட்டும் என்று நானும் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன்.