ஈரத்துக்குக் கழித்த மெத்தை

செபமாலையம்மாளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் மனசே ஒட்டவில்லை. சாமியாரின் பிரசங்கம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, அவள் நினைப்பெல்லாம் மூணாறு கடைத்தெருவின் ரப்பர் மெத்தையில் கிடந்தது. சித்திரபுரம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் இருபது வருசமாகக் கொழுந்து கிள்ளுகிறவள். அவள் முதுகு படும் பாட்டைச் சொல்லி முடியாது. காலையில் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருப்பாள். ஒருதரம் துரை பங்களாவுக்கு ஒத்தாசைக்குப் போனபோது கட்டில் மெத்தையை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தாள். அமுங்கியது, கையை எடுத்ததும் எழும்பியது. அன்றைக்குப் பிடித்த ஆசை. இப்போது போனஸ் கையில் இருந்தது. ஏமாந்தால் அடுத்த போனஸ் வரைக்கும் தரைதான்.

பூசை முடிந்ததும் நேரே கடைக்குப் போனார்கள். கடைக்காரர் நல்லதம்பி இரண்டு மெத்தைகளை விரித்துப் போட்டார்.

"படுத்துப் பாத்தே வாங்குங்கக்கா."

நாலு பேர் வந்துபோகிற கடையில் பொம்பளை படுப்பாளா? புருஷன் சூசையப்பனைப் படுக்கச் சொன்னாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். மனுஷன் பாக்டரியில் ராத்திரி ஷிப்ட் முடித்து நேரே பூசைக்கு வந்தவர். முதல் மெத்தையில் தலை சாய்த்ததுதான் தெரியும், குறட்டை கிளம்பிவிட்டது.

"பாத்தீங்களா! அண்ணனே சொல்லிட்டாரு. இனி ஒரு ரூபா குறையாது," என்று நல்லதம்பி சிரித்தார்.

"அவரு கொழுந்து மூட்டைமேல போட்டாலும் தூங்குவாரு அண்ணாச்சி!" என்று எரிந்து விழுந்தாள் செபமாலையம்மாள்.

சூசையப்பனின் பாரத்துக்கே அந்த மெத்தை பள்ளமாகிக் கிடந்தது. அது ஆகாது. மற்றதை அமுக்கினாள். எழும்பியது! வருவது வரட்டும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படுத்தேவிட்டாள்.

பூசை முடிந்து வந்து வாசலில் வேடிக்கை பார்த்து நின்ற எஸ்டேட் கொழுந்துக்காரிகள் ஓவென்று கூவியது அவள் காதில் விழவில்லை. இடுப்பிலிருந்து பிடரி வரைக்கும் மெத்தை தாங்கியது. அம்மாடி, வலியே இல்லை! சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அதைக் கடைக்காரர் பார்த்தால் விலையில் பிடிவாதம் பிடிப்பாரே என்று சுவர்ப் பக்கம் புரண்டாள். கை மெத்தையின் மூலையில் பட்டது. ஒழுகும் சுவரை ஒட்டி வைத்திருந்ததில் மூலை நனைந்திருந்தது.

துள்ளி எழுந்தாள். "அண்ணாச்சி, இதுல ஈரம் இருக்கு. வெலையில கழிங்க."

"வெயில்ல வச்சா காஞ்சிரும்க்கா. ஈரத்துக்கு யாராவது கழிப்பாங்களா?"

"மழையில நனைஞ்ச கொழுந்துன்னு எங்க எடையில கழிக்காங்கல்ல? அது மட்டும் காயாதாக்கும்?"

வாசலே அதிர்ந்தது. "கழிங்க அண்ணாச்சி, கழிங்க!" எடை போடும் இடத்தில் கணக்குப்பிள்ளையிடம் வாதாடி வாதாடித் தோற்ற பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள். நல்லதம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பத்தில் ஒரு பங்கைக் கழித்தார்.

சத்தத்தில் சூசையப்பன் விழித்துக்கொண்டார். "வாங்கியாச்சா புள்ள? குடு, நான் தூக்குதேன்."

"நீங்க சும்மா வாங்க." சுருட்டிக் கட்டிய மெத்தையை அவளே தலையில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். "இருபது வருசமா எஸ்டேட்டுக்குச் சுமந்தேன். இது என் முதுகுக்கு. நானே சுமக்கேன்."