பால்குடத்துக்காக விழுங்கிய மாத்திரை

அன்று காலை அவசரப் பிரிவில் அக்கா, மச்சான், அம்மா, நான் ஆகிய நால்வரும் இருந்தோம். அப்பா இல்லை. சிலிம் ரிவர் ஊரில் காவல் வேலை. மாற்று ஆள் கிடைக்கவில்லை.

அக்காவின் இடது கால் இரண்டு நாளாக வீங்கியிருந்தது. தொழிற்சாலையில் உட்கார்ந்தே இருப்பதால் வந்த பிடிப்பு என்று நினைத்து அம்மா தைலம் போட்டு அழுத்தி உருவிவிட்டார். மறுநாள் அவளுக்கு மூச்சு வாங்கியது. செமோரிலிருந்து ஈப்போ அரசாங்க மருத்துவமனைக்கு மச்சான் காரை விரட்டினார்.

“ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?” என்றார் டாக்டர்.

அக்கா என்னைப் பார்க்காமல் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். “தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கணும் டாக்டர். தீட்டு ஆயிடக் கூடாதுன்னு வேலையிடத்துல ஒரு அக்கா குடுத்தாங்க. மொதல்ல தீபாவளிக்குப் போட்டேன், அப்புறம் நாத்தனார் கல்யாணம், இப்ப விரதம். நிறுத்தவே இல்ல.”

அந்தப் பால்குடம் எனக்காக. குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். பட்டம் வாங்கி வேலையில் சேர்ந்தால் எடுப்பதாக வேண்டியிருந்தாள்.

அட்டையின் பின்புறத்தைப் படித்தேன்: எத்தினில் எஸ்ட்ராடயோல். கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜன். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஆற்று நீரில் நான் தேடும் பொருள்களில் அதுவும் ஒன்று. உடம்பில் தானாக ஊறும் ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரல் சீக்கிரம் உடைத்துவிடும். இதை அப்படி உடைக்க முடியாதபடி செய்திருக்கிறார்கள். கல்லீரல் இதோடு வேறொரு மூலக்கூறைப் பூட்டிப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பும். அங்குள்ள நுண்ணுயிர்கள் பூட்டைக் கழற்ற, ஒரு பங்கு மறுபடி இரத்தத்துக்கு வரும். மிச்சம் கழிவுநீரோடு ஆற்றுக்குப் போகும். அதனால் அங்கே ஆண் மீன்களின் உடம்பில்கூட முட்டைக்கான புரதம் ஊறத் தொடங்கும்.

போன மாதம் சாப்பிடும்போது இதைத்தான் வீட்டில் விளக்கினேன்.

“அப்ப ஆம்பள மீனுக்கும் வளைகாப்பு வைக்கலாம்லா?” என்று சிரித்தாள் அக்கா. அப்போதும் அட்டை அவள் பையில்தான் இருந்திருக்கிறது. கல்லீரலைத் தாண்டும்போது அது இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. மீனைப் பற்றித்தானே பேசினேன்.

“குடும்பத்துல யாருக்காவது கால்ல இரத்தம் கட்டியிருக்கா?”

அம்மா என் தோளைத் தொட்டார். “இவனப் பெத்தப்ப எனக்கும் இப்படித்தான் வீங்குச்சு. ஊசி போட்டாங்க.”

எங்களிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. மருந்துக்கடையில் வாங்கியிருந்தால் கேட்டிருப்பார்களோ என்னவோ.

ஸ்கேனில் இரத்தக்கட்டியின் ஒரு துண்டு காலிலிருந்து நுரையீரலுக்குப் போயிருந்தது தெரிந்தது. சின்னதுதான், மருந்தில் கரையும் என்றார் டாக்டர். வீங்கிய காலை இனிமேல் உருவக் கூடாது என்றதும் அம்மா தன் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அக்கா அந்தக் கைகளைத் தேடிப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மீன் டாக்டர் ஏன் அழுறாரு?” என்றாள் என்னைப் பார்த்து.

“பால்குடத்த நான் எடுக்குறேன்கா.”

“சிந்தாம எடுடா. எனக்குன்னு வேண்டிக்காத, நான் நல்லாத்தான் இருக்கேன்.”

தைப்பூசத்தன்று எடுத்தேன். அவளுக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பில் கட்டிவிட்டு வந்த மச்சானிடம், சக்கர நாற்காலியில் இருந்தபடி, “என் வெல எவ்ளோங்க?” என்று கேட்டாள்.

மச்சான் ரசீதை அவள் மடியில் வைத்தார். “முப்பத்தொரு வெள்ளி.”