பாதியில் கேட்கப்பட்ட மன்றாட்டு

இந்த ஊரில் என் வாய் திக்கினால் ஒருவரும் சிரிப்பதில்லை. "பியானோ, பியானோ" என்கிறார்கள். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அந்நியனுக்கு இத்தாலி பாஷை கஷ்டம் என்று காரணத்தையும் அவர்களே கண்டுபிடித்துத் தந்துவிட்டார்கள். நான் பராமரிக்கும் வயதான இத்தாலிய அம்மாவான சிஞ்ஞோராவும் அப்படித்தான் நம்பியிருந்தார். ஒன்பது வருடமாக நான் அதைத் திருத்தவில்லை. பிறந்ததிலிருந்தே கொன்னை என்று சொல்ல எனக்கு வெட்கம்.

இலங்கையில், எங்கள் கற்பிட்டியில், அந்தச் சலுகை இருக்கவில்லை. கருவாடு காயப்போடும் வாடியில் என் பெயரே கொன்னையன். வீட்டில் செபமாலை சொல்லும்போது என் முறை வந்தால் முதல் எழுத்தே தொண்டையில் நின்றுவிடும். "நீ சும்மா இரு, நான் சொல்லுறன்" என்று அண்ணன் பறித்துக்கொள்வார். அன்பில்தான் செய்தார். ஆனாலும் கடவுளிடம் பேசக்கூட எனக்கு ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வரும். தலவிலக் கோயில் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் புனித அன்னம்மாளிடம் கேட்டது ஒன்றுதான்: இந்த வாயைச் சரியாக்கித் தாரும். அது கிடைக்கவில்லை.

போன மாதம் இங்கே நடந்த தமிழ்ப் பூசைக்குச் சிஞ்ஞோராவையும் சக்கரக் கதிரையில் தள்ளிக்கொண்டு போனேன். அன்று அவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. மன்றாட்டு வாசிப்பவருக்குக் காய்ச்சலாம். என் கொன்னை தெரியாத பாடகர் குழுப் பெண் ஒருவர் தாளை என் கையில் திணித்தார்.

"அண்ணன், நீங்க வாசிங்க. இத்தாலி பாஷையே கதைக்கிறீங்க, தமிழ் என்ன பெரிய கஷ்டமா?"

மறுப்பதற்கும் வாய் வேண்டுமே. போய் நின்றேன்.

"கடலில் தொழில் செய்யும்" வரைக்கும் வந்தது. அடுத்த சொல் வரவில்லை. மன்றாட்டு முடிந்துவிட்டதென்று நினைத்து, முடிவில் சொல்லும் பதிலைக் கோயில் முழுவதும் ஒரே குரலில் சொன்னது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." யாருக்காக என்று நான் இன்னும் சொல்லி முடிக்கவே இல்லை. மறுபடி தொடங்கினேன், மறுபடி நின்றேன், மறுபடியும் சொன்னார்கள். அதற்குள் அவர்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் யாரும் தாளைப் பறிக்கவில்லை. நான் நின்ற இடமெல்லாம் அவர்கள் மன்றாடினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து திக்காமல் சொன்னேன். நாலு மன்றாட்டுக்குப் பதினொரு தடவை. சரளமான வாய் இருந்திருந்தால் நாலோடு முடிந்திருக்கும். கடவுளுக்கு இந்த வாயே போதும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

வெளியே வந்ததும் சிஞ்ஞோரா கேட்டார்: "உன் சொந்தப் பாஷையும் உனக்கு இப்படித்தானா?"

"ஓம். பிறந்ததிலிருந்தே." 'ஓம்' தமிழிலேயே வந்துவிட்டது. "எல்லாரோடும் சேர்ந்து சொன்னால் மட்டும் திக்காது."

"யாரோடு? இத்தாலிக்காரர் எங்களோடா, உள்ளே இருந்த அவர்களோடா?"

வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. இந்தத் தடவை அது கொன்னையால் அல்ல; நான் யாருடைய ஆள் என்று எனக்கே தெரியாததால்.