இரண்டு நொடிக் கடிதம்

தி. நகரில் பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில், துணிக்கடைக் கிடங்கு ஒன்றின் மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். சின்னச் சின்ன நிறுவனங்களின் மெயிலை நாங்கள் பராமரிக்கிறோம். 'நாங்கள்' என்று எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் அங்கே சேர்ந்தது தரை துடைக்கவும் டீ வாங்கி வரவும்தான். கோட்டூர்புரத்தில் மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. தமிழ் நன்றாகப் படிப்பேன். எண்கள் தெரியும். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துவிடும்.

அலுவலகத்தில் என்னைத் தவிர, முதலாளியோடு சேர்த்து ஐந்து பேர். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஒன்றாக இறங்கிப் போய்விடுவார்கள். மெயில் ஓடுகிறதா என்று காட்டும் திரையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே என்று ஒருநாள் முதலாளி என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். வேலை எளிதுதான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்கள் இயந்திரம் ஒரு சோதனைக் கடிதம் அனுப்பும். அது போய்ச் சேர எத்தனை நொடி ஆனது என்று திரையின் நடுவில் பெரிய எண்ணாக வரும். பெரும்பாலும் இரண்டு, சில சமயம் மூன்று. அதை நேரம் போட்டு நோட்டில் எழுத வேண்டும். இருபதைத் தாண்டினால் போன் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

அந்த நாற்காலியில் நான் ஒருநாளும் சாய்ந்து உட்கார்ந்ததில்லை. நுனியில்தான் உட்காருவேன். எண் மாறும் நேரம் வந்தால் திரையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன். ஒருமுறை இருபத்தொன்று வந்தது. உடனே இளைய இன்ஜினியருக்குப் போன் செய்தேன். அவர் வியாசர்பாடிக்காரர், என் மேல் பிரியம் உள்ளவர், ஆனால் வாய் சும்மா இருக்காது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வந்து பார்த்தார். எண் மறுபடி இரண்டுக்கு இறங்கியிருந்தது. "இன்னாண்ணா, இருபத்தொன்னுக்கே இப்டி பதர்றியே, முப்பது வந்தா ஃபயர் சர்வீஸ கூப்புடுவியா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு போனைத் தொடுவதற்கே பயம் வந்துவிட்டது.

மூத்த இன்ஜினியரின் கல்யாணம் ஒரு வேலை நாளில் வந்தது. மயிலாப்பூரில் மண்டபம். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை முகூர்த்தம். முதல்முறையாகக் காலை முழுக்க அலுவலகமே காலி. நான் மட்டும். கிளம்பும்போது முதலாளி மேஜைத் தொலைபேசியைக் காட்டி, யாராவது கேட்டால் 'பார்த்துச் சொல்கிறோம்' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்றார். நம் பக்கம் தப்பு என்று எந்த வாடிக்கையாளரிடமும் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் மறுநாளே அவர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள், அப்புறம் இங்கே யாருக்கும் வேலை இருக்காது. அவர் என்னைப் பார்த்துதான் அதைச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தொலைபேசி அடித்தது. ஒரு பெண். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். மயிலாப்பூரில் ஒரு சிறிய மருத்துவமனையில் அவள் கணவனைச் சேர்த்திருக்கிறார்கள். குடல்வால் வெடித்துவிட்டது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். ஆனால் அவர் இதயக் கோளாறுக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். ரத்தம் எந்த அளவுக்கு உறைகிறது என்ற பரிசோதனை முடிவு கையெழுத்தோடு வராமல் தொடமாட்டேன் என்கிறார் மயக்க மருந்து டாக்டர். ரத்தம் விடியற்காலையிலேயே அடையாற்றில் ஒரு லேபுக்குப் போயிருக்கிறது. லேபில் பத்து மணிக்கே மெயில் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். மருத்துவமனையில் வரவில்லை என்கிறார்கள். இவள் லேபுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்யவும், சலித்துப் போய் எங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த லேபின் மெயில் எங்களிடம்தான் இருந்தது.

நான் திரையைப் பார்த்தேன். இரண்டு என்று இருந்தது. நோட்டைப் பார்த்தேன். காலையிலிருந்து இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு.

"எங்க கிட்ட எல்லாம் சரியா கீதும்மா. ஆஸ்பத்திரில நல்லா தேடிப் பாக்கச் சொல்லு" என்றேன்.

அவள் சரிண்ணா என்று வைத்துவிட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். அழுகிற குரலுக்கு ஏதாவது நல்ல பதில் கொடுக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. எண்ணும் அப்படித்தான் காட்டியது.

போனை வைத்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. திரை முழுவதையும் மேலிருந்து கீழாகப் பார்த்தேன். வலது மூலையில் சின்னதாக இன்னொரு எண் எப்போதும் இருக்கும். அதை யாரும் என்னை எழுதச் சொன்னதில்லை. அது என்ன என்று ஒருமுறை கேட்டபோது, வெளியே போகக் காத்திருக்கும் கடிதங்கள் என்று இளையவர் சொன்னார். பத்து இருக்கும், முப்பது இருக்கும், சாயங்காலம் ஐம்பது இருக்கும். இப்போது ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது.

நடுவில் இரண்டு, மூலையில் ஆயிரத்து நானூறு. எதை நம்புவது? படித்தவர்கள் பார்க்கச் சொன்னது நடுவில் இருக்கிற எண்ணை. மூலையை நம்பிப் போன் செய்து, மணமேடையிலிருந்து யாரையாவது இழுத்துக்கொண்டு வந்து, அதுவும் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்?

இளையவருக்கு ஒரு விளையாட்டு உண்டு. டீ வேண்டுமென்றால் வாயால் சொல்லமாட்டார். தன் கம்ப்யூட்டரிலிருந்து என் போனுக்கு மெயில் போடுவார். 'டீ நாலு, வடை ரெண்டு, சட்னி தனியா.' அவர் விரலை எடுப்பதற்குள் என் சட்டைப் பையில் டிங் என்று சத்தம் கேட்கும். எனக்கும் அப்படி அனுப்பக் கற்றுக்கொடுத்திருந்தார். அவர் கம்ப்யூட்டரை மூடாமலேயே போயிருந்தார். நான் எழுந்து போய், அவர் எனக்குக் கடைசியாகப் போட்ட கடிதத்தைத் தேடி எடுத்து, அதிலேயே 'டீ' என்று மட்டும் அடித்து எனக்கு அனுப்பினேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சத்தம் வரவில்லை. நூறு வரை எண்ணினேன். இருநூறு வரை எண்ணினேன். கீழே கிடங்கில் யாரோ துணி மூட்டையைப் போட்ட சத்தம் கேட்டு உடம்பே தூக்கிவாரிப் போட்டது. போன் மட்டும் பேசாமல் இருந்தது.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது பொய் என்று அப்போது தெரிந்துவிட்டது.

இளையவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. முதலாளிக்குச் செய்தேன். மற்ற இருவருக்கும் செய்தேன். கெட்டிமேளம் கொட்டுகிற நேரம், யாருக்குக் கேட்கும்? மறுபடி வரிசையாக எல்லோருக்கும் செய்தேன். கடைசியில் மாப்பிள்ளைக்கும் செய்தேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது. அவர் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மூலையில் இருந்த எண் ஆயிரத்து அறுநூறைத் தாண்டியிருந்தது.

மண்டபத்துக்கே ஓடலாமா என்று நினைத்தேன். ஆட்டோ பிடித்தாலும் ஆள் வந்து சரிசெய்ய ஒரு மணி நேரமாவது ஆகும். வயிற்றுக்குள் குடல்வால் வெடித்துக் கிடக்கிற மனிதருக்கு அந்த ஒரு மணி நேரம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. வாடிக்கையாளர் எண்கள் சுவரில் ஒட்டியிருந்தன. லேப் எண்ணை விரல் வைத்துத் தேடி அழுத்தினேன்.

ஒரு பெண் எடுத்தாள். மெயில் கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்றேன். எனக்குத் தெரியாதவர்களோடு போனில் பேச வராது. அந்த ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்டதுமே அவள் எரிச்சலானாள்.

"பத்து மணிக்கே போயிடுச்சு சார். எங்க சிஸ்டத்துல அனுப்பியாச்சுன்னு காட்டுது. அந்தம்மா கிட்ட எத்தனை வாட்டி சொல்றது?"

"இல்ல மேடம். போகல."

"எப்படி சொல்றீங்க?"

இங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும். பார்த்துச் சொல்கிறோம் என்று வைத்திருக்கலாம். முதலாளியின் முகம் கண் முன்னால் வந்தது. என் வேலை, மற்ற மூவரின் வேலை, அன்று தாலி கட்டிக்கொண்டிருந்தவரின் வேலை, எல்லாம் என் வாயில் இருப்பதுபோல் இருந்தது.

"எங்க கிட்டதான் நின்னுக்கினு கீது மேடம். காலைல நீங்க அனுப்பின எதுவுமே வெளிய போகல. தப்பு எங்களுது. கைல பேப்பரா குடுத்து அனுப்புங்க."

அவள், "எல்லாமேவா?" என்றாள். எல்லாமேதான் என்றேன். அவள் யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது; வண்டி இருக்கிறதா என்று கேட்கிற சத்தம் கேட்டது. பிறகு போன் கட்டாகிவிட்டது.

அடையாற்றிலிருந்து மயிலாப்பூருக்குப் பைக்கில் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. மந்தைவெளியில் நெரிசல் இருக்குமா, திரு.வி.க. பாலத்தில் நிற்குமா என்று ஒவ்வொரு சிக்னலிலும் நானே நின்றேன். நோட்டில் எழுதுவதை விடவில்லை. இரண்டு. இரண்டு. இரண்டு.

பன்னிரண்டரைக்கு இளையவர் திருப்பிக் கூப்பிட்டார். பந்தியில் உட்கார்ந்திருந்தார். மூலையில் இருந்த எண்ணைச் சொன்னேன். கிண்டல் செய்யவில்லை. இருபது நிமிடத்தில் பட்டு வேட்டியோடு, நெற்றியில் சந்தனத்தோடு, கழுவாத கையோடு படியேறி ஓடி வந்தார். நான் துடைக்கத் துணி கொடுத்தேன். வாங்காமல் அப்படியே இடது கையால் கீபோர்டைத் தட்டினார். எங்களிடமிருந்து எது வந்தாலும் வெளியே யாரும் வாங்கிக்கொள்ளாமல் இருந்தார்கள் என்றும், ஏதோ ஒரு வாடிக்கையாளர் கண்ட கண்ட விளம்பரத்தை அனுப்பியதால் வந்த வினை என்றும் சொன்னார். அவர் வேறு வழி திறந்துவிட்டதும் மூலையில் இருந்த எண் இறங்கத் தொடங்கியது. என் பையில் டிங் என்றது. 'டீ'.

அப்புறம்தான் கேட்டேன், நடுவில் ஏன் இரண்டு என்றே இருந்தது என்று. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சோதனைக் கடிதத்தை எங்கள் இயந்திரம் தனக்கேதான் போட்டுக்கொள்கிறது, அது வாசலைத் தாண்டுவதே இல்லை என்றார். என் போனில் இருப்பது வெளிக் கம்பெனி மெயில் என்பதால்தான் 'டீ' மாட்டிக்கொண்டதாம். "நம்ம வூட்டு லெட்டரு நம்ம வூட்லயே சுத்திக்கினு கீது. இத்தினி நாளு நாங்களும் அதத்தாண்ணா பாத்துக்கினு கீறோம்." மூன்று வருடம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதிய எண்கள் அவை.

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். லேபின் பெரியவர் அவரை மண்டபத்திலேயே போனில் பிடித்துவிட்டார். தப்பு எங்களுது என்று உங்கள் ஆளே ஒத்துக்கொண்டார் என்று சொல்லியிருக்கிறார். முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, உன்னிடம் நான் என்ன சொல்லிவிட்டுப் போனேன் என்று மெதுவாகக் கேட்டார். அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். பின்னே ஏன் என்றார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இளையவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார்.

அப்போது மேஜைத் தொலைபேசி அடித்தது. காலையில் வந்த அதே எண். யாரும் எடுக்கவில்லை. அந்த ஆள் செத்துவிட்டார் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளி என்னைப் பார்த்து, எடு என்பதுபோல் கண்ணைக் காட்டினார். பிறகு ஸ்பீக்கரை அவரே அழுத்தினார்.

பேப்பர் வந்துவிட்டது என்றாள். ரத்தம் உறையக் கொஞ்சம் நேரமாகிறது என்று அதில் இருந்ததாம். அதற்கு ஏதோ மருந்து ஏற்றிவிட்டு உள்ளே எடுத்துப் போயிருக்கிறார்கள். அந்தப் பேப்பர் இல்லாமல் அறுத்திருந்தால் ரத்தம் நின்றிருக்காது என்று நர்ஸ் சொன்னாளாம். இப்போது ஆபரேஷன் முடிந்துவிட்டது. கண் திறந்து தண்ணீர் கேட்டிருக்கிறார், இன்னும் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் வைக்கவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். காலைல போன் பண்ணப்போ எல்லாம் சரியா கீதுன்னு ஏன் சொன்ன? உன் பேச்ச நம்பி அரமணி நேரம் அந்த ரிசப்ஷன் பொண்ணாண்ட சண்ட போட்டுக்கினு இருந்தேன். அது அயுதுட்சி."

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துச் சொல்கிறோம் என்று சொல்ல இன்னும் இடம் இருந்தது.

"சரியா பாக்காம சொல்லிட்டேம்மா" என்றேன். "தப்பு என்னுதுதான். அந்தப் பொண்ணாண்டயும் சொல்லிடு."

"நீயே சொல்லு" என்று அவள் போனைக் கொடுத்துவிட்டாள். யாரோ ஒரு சின்னப் பெண்ணின் குரல், ஹலோ என்றது. முதலாளி ரிசீவரை எடுத்து என் கையில் கொடுத்து, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, "மெயில் கம்பெனிலேர்ந்து பேசறேம்மா" என்று ஆரம்பித்தேன்.